சாவியை யாரிடம் கொடுத்தீர்? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

நான் கிளிநொச்சி அக்கராயனைச் சேர்ந்தவள். வயது 29. அறிவியல் நகர்ப் பல்கலைக்கழக வளாகத்தில் விவசாயம் படித்துவிட்டு ஒரு தொண்டு நிறுவனத்தின் வீட்டுத்தோட்டத் திட்டத்தில் நான்கு ஆண்டுகள் வேலை செய்தேன். ஐ.நா. தொண்டராக ஆபிரிக்க நாடொன்றுக்குப் போய்ச் சிறு விவசாயிகளோடு வேலை செய்ய வேண்டும் என்பது என் நெடுநாள் விருப்பம். முதல் விண்ணப்பத்துக்குப் பதிலே வரவில்லை. அடுத்ததில் நேர்முகம் வரை போனேன். நீங்கள் திரும்பிப் போன பிறகு அங்கே அந்த வேலை என்னாகும் என்று கேட்டார்கள். எங்கள் சனம் பட்ட துன்பத்தைக் கண்டவள் என்பதால் அந்த மக்களின் துன்பம் எனக்கு விளங்கும் என்று சொன்னேன். தெரிவாகவில்லை. மூன்றாவது தடவை தெரிவானேன். ஆனால் 2009 இல் போருக்குள் முதுகில் பட்ட செல் (எறிகணை) துண்டு இன்னும் உள்ளே இருப்பதை மருத்துவப் படிவத்தில் எழுதியதால் மேலதிகப் பரிசோதனை கேட்டார்கள். அதை நான் முடிப்பதற்குள் வேறொருவரை எடுத்துவிட்டார்கள்.

அதோடு மனம் விட்டுப்போய்விட்டது. ஊர்ப் பெண்களோடு நடத்திவந்த விதைச் சேமிப்புக் குழுவையும் நிறுத்திவிட்டேன். விதைப் போத்தல்கள் இருக்கும் அலுமாரியின் சாவி என்னிடம்தான் இருக்கிறது, திறக்க மனம் வரவில்லை. வீட்டில் கலியாணப் பேச்சு நடக்கிறது. சம்பளமில்லாத வேலைக்கு யாராவது வெளிநாடு போவார்களா என்று சொந்தக்காரர் கேட்கிறார்கள். நான் மறுபடியும் விண்ணப்பிக்கலாமா? விண்ணப்பித்தால் செல் துண்டைப் பற்றி எழுதாமல் விடலாமா?

இப்படிக்கு,
ம.

அன்புள்ள பிள்ளைக்கு,

போர்நிறுத்த காலத்தில் வன்னிக்கு வந்துபோன வெளிநாட்டுத் தொண்டர்களைப் பற்றி எழுத வேண்டும் என்று பல மாதங்களாக எண்ணிக்கொண்டிருக்கிறேன். அவர்களில் யாருடைய வேலை இங்கே நிலைத்தது, யாருடைய வேலை அவர்கள் ஏறிய வாகனத்தோடேயே போய்விட்டது என்ற கேள்வி என்னை விடுவதாயில்லை. அந்த நேரத்தில் உமது கடிதம் வந்தது. அதனால்தான் மற்றக் கடிதங்களை ஒதுக்கிவைத்துவிட்டு இதற்கு முதலில் எழுதுகிறேன்.

செல் துண்டை மறைக்கவே கூடாது. எம்.ஆர்.ஐ. இயந்திரம் மிக வலுவான காந்தம். அறிமுகமில்லாத நாடொன்றில் நீர் மயங்கிக் கிடக்கும்போது, உடம்புக்குள் இரும்பு இருப்பதை அறியாத மருத்துவர் ஒருவர் உம்மை அந்த இயந்திரத்துக்குள் அனுப்பினால், முதுகிலுள்ள துண்டு அசையவும் கூடும், சூடேறவும் கூடும். படிவத்தில் அந்தக் கேள்வி உம்மை விலக்குவதற்காக மட்டும் கேட்கப்படுவதில்லை. நீர் எழுதியது சரி. இனியும் எழுத வேண்டும்.

சொந்தக்காரரின் கேள்விக்கு நீண்ட பதில் தேவையில்லை. 1970 இல் ஐ.நா. பொதுச்சபையின் தீர்மானத்தால் உருவாகி, இன்று ஜேர்மனியின் பொன் (Bonn) நகரிலிருந்து இயங்கும் அந்தத் திட்டம், தான் அனுப்புகிற தொண்டருக்கு வாழ்க்கைச் செலவுக்கான படியும் பயணச் செலவும் மருத்துவக் காப்புறுதியும் தருகிறது. அமெரிக்காவின் சமாதானப் படை 1961 முதலும், ஜப்பானின் கடல்கடந்த ஒத்துழைப்புத் தொண்டர் திட்டம் 1965 முதலும் ஆட்களை அனுப்பிவருகின்றன என்றாலும் அவை தத்தம் நாட்டுக் குடிமக்களையே அனுப்புகின்றன. ஆகவே நீர் விண்ணப்பித்த இடம் உமக்குப் பொருத்தமான இடம்தான். கலியாணப் பேச்சு உங்கள் வீட்டு விடயம், அதில் நான் தலையிட மாட்டேன். முதல் விண்ணப்பத்துக்குப் பதில் வராததையும் பெரிதுபடுத்த வேண்டாம். ஒரே ஓர் இடத்துக்குப் பல நாடுகளிலிருந்தும் ஆட்கள் விண்ணப்பிக்கிறார்கள்.

மூன்றாவது தடவை நடந்ததுதான் கொடுமை. பள்ளிக்கூடத்தில் இருக்க வேண்டிய வயதில் உமது உடம்புக்குள் புகுந்த இரும்பு, நீர் வளர்ந்து, படித்து, வேலை பழகி, தெரிவும் ஆன பிறகு குறுக்கே வந்து நின்றிருக்கிறது. அதற்காக நீர் எத்தனை நாள் அழுதிருந்தாலும் அது சரியான அழுகை. யாரும் உம்மிடம் வந்து ‘இதெல்லாம் ஒரு தோல்வியா’ என்று சொன்னால் அவர் பேச்சைக் கேளாதேயும்.

ஆனால், பிள்ளை, நீர் கேள்வியாகக் கேட்காமல் போகிறபோக்கில் எழுதிவிட்டுப் போன ஒரு வரி இருக்கிறது. அலுமாரியின் சாவி உம்மிடம் இருக்கிறது என்றும் திறக்க மனம் வரவில்லை என்றும் எழுதியிருக்கிறீர். அதை வாசித்தபோது எனக்கு வந்த கோபத்தை மறைத்து எழுத விரும்பவில்லை. அந்தப் போத்தல்களில் இருப்பவை யாருடைய விதைகள்? தங்கள் வளவில் காய்த்த கத்தரியையும் வெண்டியையும் பயற்றையையும் பூசணியையும் முற்றவிட்டு, காயவைத்து, சாம்பல் கலந்து கொண்டுவந்து தந்த பெண்களுடையவை அல்லவா? விவசாயம் படித்த உமக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, எங்கள் ஊர் வெக்கையிலும் மாரியின் ஈரத்திலும் பூட்டிய அலுமாரிக்குள் விதையின் முளைதிறன் ஒவ்வொரு மாதமும் குறைந்துகொண்டேதான் போகும். உமது மனம் தேறும்வரை அது காத்திருக்காது. நீர் துக்கப்பட்டது உமது உரிமை. உமது துக்கத்தோடு சேர்த்து அந்தப் பெண்களின் அடுத்த போகத்தையும் பூட்டிவைத்தது உரிமையல்ல.

இதைவிட என்னை உறுத்துவது வேறொன்று. நீர் ஒருவர் மனம் சோர்ந்ததும் ஒரு குழு முழுவதும் நின்றுபோயிருக்கிறது. அப்படியென்றால் அங்கே குழு என்று ஒன்று இருந்ததா? கணக்குக் கொப்பி யார் வீட்டில் இருந்தது? எந்த விதையை எவ்வளவு காலம் வைக்கலாம் என்பது உம்மைத் தவிர எத்தனை பேருக்குத் தெரியும்? நேர்முகத்தில் அவர்கள் கேட்ட கேள்வியை இந்த இடத்தில் வைத்துப் பாரும். நீங்கள் போன பிறகு அந்த வேலை என்னாகும் என்று கேட்டார்கள். அப்படியான நேர்முகங்களில் பெரும்பாலும் நீர் முன்பு உண்மையாகச் செய்த வேலையொன்றைத்தான் கேட்பார்கள். என்ன நிலைமை இருந்தது, நீர் என்ன செய்தீர், அதனால் என்ன ஆனது என்று உதாரணத்தோடு சொல்ல வேண்டும். நீரோ எங்கள் துன்பத்தைச் சொன்னீர். துன்பம் உண்மை, ஆனால் அது அந்தக் கேள்விக்குப் பதிலல்ல. அக்கராயனில் அதற்கான பதில் உம்மிடம் இருக்கவில்லை என்பதால்தான் துன்பத்தைச் சொன்னீர் என்று நினைக்கிறேன்.

2002 பெப்ரவரியில் போர்நிறுத்தம் வந்து ஏ-9 பாதை திறந்த பிறகு, மல்லாவிப் பக்கத்துக்கு ஒரு வெளிநாட்டுப் பெண்மணி தொண்டராக வந்தார். நான் அப்போது அங்கே ஆசிரியராக இருந்தேன், மாலை வேளைகளில் அவருக்கு மொழிபெயர்த்தேன். குழாய்க்கிணறுகளின் கைப்பம்பிகளைப் பராமரிப்பது அவருடைய வேலை. ஒரு பம்பி பழுதானால் அவர் அதைத் தொடமாட்டார். மரநிழலில் இருந்துகொண்டு, ஊரிலே அதற்கென்று பழக்கிய பெண்களைக் கழற்றச் சொல்வார். குழாயை மேலே இழுத்து, தேய்ந்த வாசரை மாற்றி, மறுபடி இறக்குவதற்கு அவர்களுக்கு அரைநாள் போகும். தண்ணீர்க்குடத்தோடு நின்ற சனம் பொறுமையிழந்து ஏசும். இவருக்குத் தெரிந்த வேலையை இவர் செய்தால் ஒரு மணித்தியாலத்தில் முடியுமே என்று ஒருமுறை பெரியவர் ஒருவர் என்னிடம் கோபித்தார். நான் அதை மொழிபெயர்த்தேன். அந்தப் பெண்மணி சொன்ன பதில், தான் இங்கே இருக்கப்போவது கொஞ்சக் காலம் என்பது ஒன்றுதான். பம்பி கழற்றும் சாவிகளும் உதிரிப்பாகங்களும் கொண்ட பையை அவர் ஒருநாளும் தன் வீட்டில் வைத்ததில்லை, அந்தப் பெண்களில் ஒருத்தியின் வீட்டில்தான் அது இருந்தது.

அதே காலத்தில் இன்னொருவரும் வந்தார். அவரைவிட நல்ல மனம் படைத்த மனிதரை நான் கண்டதில்லை. இரவு பகல் பாராமல் எல்லா வேலையையும் தானே செய்தார், பிள்ளைகள் அவரைச் சுற்றியே நின்றார்கள், கணக்குகள் எல்லாம் அவருடைய கணினிக்குள் இருந்தன. 2006 ஓகஸ்டில் சண்டை மறுபடி தொடங்கி முகமாலையில் பாதை மூடப்பட்ட காலத்தில் இருவருமே போய்விட்டார்கள். அந்த மனிதர் நடத்திய கொட்டகை அந்த மாதமே பூட்டப்பட்டது, அதைத் திறந்து நடத்த ஒருவருக்கும் தெரியவில்லை. பம்பிப் பெண்களோ 2008 இல் மல்லாவியை விட்டு ஊரோடு இடம்பெயர்ந்தபோது அந்தப் பையையும் கொண்டே போனார்கள். விசுவமடுவில் தரப்பாள் கொட்டில்களுக்கு நடுவே பழுதாய்க் கிடந்த ஒரு பம்பியை அவர்கள் கழற்றிப் பூட்டியதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். அந்தத் தண்ணீரைக் குடித்தவர்களில் நானும் ஒருவன்.

வெளிநாட்டுத் தொண்டு என்றால் வருவதைப் பற்றித்தான் எல்லோரும் கதைக்கிறார்கள். போவதைப் பற்றி வன்னியில் இருந்தவர்களுக்குத்தான் தெரியும். 2008 செப்டெம்பரில் அரசாங்கம் பணித்ததும் ஐ.நா.வின் வெளிநாட்டு ஊழியர்கள் கிளிநொச்சியை விட்டு வெளியேறினார்கள். போகாதீர்கள் என்று சனம் அவர்களுடைய வாசலில் நின்று மன்றாடியது. உள்ளூர் ஊழியர்கள் பலர் குடும்பங்களோடு உள்ளேயே அகப்பட்டார்கள். அந்த வெளியேற்றமும் அதற்குப் பின்னான மௌனமும் எவ்வளவு பெரிய தவறுகள் என்பதை 2012 நவம்பரில் வெளிவந்த ஐ.நா.வின் சொந்த மீளாய்வு அறிக்கையே ஒப்புக்கொண்டது. அங்கே வேலை செய்த தனி மனிதர்கள் மீது எனக்குக் கோபமில்லை, அவர்களில் சிலர் அழுதுகொண்டு போனார்கள். ஆனால் அவர்கள் போன பிறகு காயம் கட்டியவர்களும் பிரசவம் பார்த்தவர்களும் கிணறு இறைத்துக் குளோரின் போட்டவர்களும் முன்பே யாராலோ வேலை பழக்கப்பட்டிருந்த எங்கள் பிள்ளைகள்தான். பழக்கிவிட்டுப் போனவர்களின் வேலை பங்கருக்குள்ளும் நடந்தது.

இது வெளிநாட்டவருக்கு மட்டும் உரிய விடயம் என்று நினையாதேயும். வெளிநாடுகளில் கட்டடக்கலைஞராகப் பணியாற்றித் திரும்பிய எஸ். ஏ. டேவிட் அவர்களும் வைத்தியர் இராஜசுந்தரம் அவர்களும் வவுனியாவை மையமாகக் கொண்டு காந்தியம் இயக்கத்தை நடத்தியபோது, தமிழருக்கெதிரான 1977 வன்செயலால் மலையகத்திலிருந்து துரத்தப்பட்டு வந்த குடும்பங்களை வன்னி நிலங்களில் குடியமர்த்தினார்கள். அதோடு நிற்காமல் ஊர்ப் பெண்பிள்ளைகளைப் பயிற்றுவித்து அந்தந்தக் கிராமங்களிலேயே பாலர் பாடசாலைகளை நடத்தச் செய்தார்கள். 1983 ஏப்ரலில் இருவரும் கைதானார்கள். ஜூலையில் வெலிக்கடைச் சிறையில் இராஜசுந்தரம் கொல்லப்பட்டார். டேவிட் உயிர்தப்பி, நெடுங்காலம் இந்தியாவில் இருந்துவிட்டுத் திரும்பி, 2015 இல் கிளிநொச்சியில் காலமானார். அவர்களுக்குப் போகிற நாளைத் தெரிந்துகொள்ளும் வாய்ப்புக்கூடக் கிடைக்கவில்லை. பழக்கிவைத்த பிள்ளைகள் இருந்தார்கள்.

உமக்கோ அந்த நாள் முன்கூட்டியே தெரியும். ஐ.நா. தொண்டரின் ஒப்பந்தத்தில் முடிவுத் திகதி எழுதப்பட்டுத்தான் இருக்கும். மலாவியிலோ சாம்பியாவிலோ ஒரு கிராமத்துக்கு நீர் போய், அங்குள்ள பெண்களுக்கு உயிராய் ஆகி, எல்லாச் சாவியையும் உமது கையில் வைத்துக்கொண்டு இருந்துவிட்டு ஒருநாள் விமானமேறினால், அந்த ஊருக்கு நீர் செய்வது உதவியாக இராது. நீர் நல்ல பிள்ளை என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. மறைக்கத் தெரிந்திருந்தும் மறைக்காமல் படிவத்தை நிரப்பிய ஒருவரிடம் நேர்மையைப் பற்றி நான் கதைக்க வேண்டியதில்லை. நல்ல மனம் உம்மிடம் நிறைய இருக்கிறது. நீர் இல்லாதபோதும் நடக்கிற ஒரு வேலையை உருவாக்குவதைத்தான் இன்னும் பழகவில்லை, அதைப் பழகுவதற்கு அக்கராயனைவிட நல்ல இடம் உமக்குக் கிடைக்காது.

ஆகவே விண்ணப்பியும், ஆனால் நாளைக்கே அல்ல. இந்த வாரம் அந்தப் பெண்களைக் கூப்பிட்டு அலுமாரியைத் திறந்து, ஒவ்வொரு போத்தலிலிருந்தும் கொஞ்சம் விதையை ஈரத்துணியில் வைத்து முளைக்கிறதா என்று அவர்களையே பார்க்கச் சொல்லும். முளைக்காததைக் கொட்டிவிடுங்கள். சாவியையும் கொப்பியையும் அவர்கள் தெரிவு செய்கிற ஒருவரிடம் கொடும், அவர் நீர் விரும்பியவராக இல்லாவிட்டாலும் கொடும். வருகிற காலபோகம் (மாரிப் பயிர்ச்செய்கை) முழுவதும் குழு கூடும்போது கேட்டால் மட்டும் வாயைத் திறவும். பிழை விடுவார்கள், விடட்டும். அந்த மாதங்களில் சத்திரசிகிச்சை நிபுணர் ஒருவரிடம் போய், புதிய எக்ஸ்ரே எடுத்து, துண்டு எங்கே இருக்கிறது, இத்தனை ஆண்டுகளில் அது அசைந்ததா, உமது வேலைக்கு அது தடையா என்று அவர் கையொப்பத்தோடு ஆங்கிலத்தில் எழுதி வாங்கிவைத்துக்கொள்ளும். இரண்டாம் முறை அந்தக் கேள்வி வரும்போது மாதக்கணக்கில் அலைய வேண்டியிராது. விண்ணப்பத்தில் எங்கள் துன்பத்துக்கு ஒரு வரி போதும், மிச்ச இடத்தில் வேலையை எழுதும். நேர்முகத்தில் அதே கேள்வியைக் கேட்டார்களென்றால், குழுவை இப்போது நடத்துகிறவர் யார் என்றும், உம்மைக் கேளாமல் அவர் செய்த மாற்றம் என்ன என்றும், அது உம்முடைய முறையைவிட எந்த வகையில் நன்றாக இருந்தது என்றும் சொல்லும்.