பத்து நாளில் குழந்தைகளோடு கோபன்ஹேகன், ஸ்டாக்ஹோம், ஹெல்சின்கி, ஆஸ்லோ நான்கையும் பார்க்க முடியுமா?

முடியும். ஆனால் பிள்ளைகளுக்குப் பெட்டி தூக்கியதுதான் ஞாபகம் இருக்கும். ஆஸ்லோவை விட்டுவிடுங்கள்.

கோபன்ஹேகனில் இறங்கி ஹெல்சின்கியிலிருந்து திரும்புமாறு டிக்கெட் போடுங்கள். 1843-இல் திறந்த டிவோலி கேளிக்கைப் பூங்கா கோபன்ஹேகன் ரயில் நிலையத்தின் பக்கத்திலேயே இருக்கிறது. அங்கிருந்து ஸ்டாக்ஹோமுக்கு ரயிலில் ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஆகும். விமான நிலையத்தில் வரிசையில் நிற்பதைவிட இது மேல். வழியில் எரேசுண்ட் கடல் பாலமும் வரும்.

ஸ்டாக்ஹோமில் ஒன்றே ஒன்றுக்குத்தான் நேரம் என்றால் வாசா அருங்காட்சியகம். 1628-இல் முதல் பயணத்திலேயே மூழ்கி, 1961-இல் மேலே தூக்கப்பட்ட முழுப் போர்க்கப்பல் கண்முன் நிற்கும்.

ஹெல்சின்கிக்கு இரவுக் கப்பலில் போங்கள். மாலையில் ஏறினால் மறுநாள் காலை இறங்கலாம், ஓர் இரவு ஓட்டல் வாடகை மிச்சம். ஜன்னல் உள்ள அறையாக எடுங்கள். தீவுக்கூட்டத்துக்குள் புகுந்து போகும் முதல் சில மணி நேரம்தான் இந்தப் பயணத்திலேயே அழகு. பின்லாந்து கடிகாரம் சுவீடனைவிட ஒரு மணி நேரம் முன்னால் ஓடும், மறக்க வேண்டாம்.

டென்மார்க், சுவீடன், பின்லாந்து மூன்றுக்கும் ஒரே ஷெங்கன் விசா (பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவானது). அதிக நாள் தங்கும் நாட்டிடம் விண்ணப்பிக்க வேண்டும். பணம் மூன்று வகை என்றாலும் கார்டு போதும். ஜூன் 19–26-க்குள் வரும் மிட்சம்மர் (கோடைத் திருவிழா) வெள்ளி, சனியில் சுவீடனிலும் பின்லாந்திலும் பல கடைகள் மூடியிருக்கும்.