டெயில்ஸில் பாஸ்ஃப்ரேஸை (பல சொற்கள் கொண்ட கடவுச்சொல்லை) மாற்றினால் கோப்புகள் மறுபடி என்க்ரிப்ட் ஆகுமா?

ஆகாது. டெயில்ஸ் என்பது பென்டிரைவிலிருந்தே இயங்கும், தனியுரிமைக்கான இயங்குதளம். அந்தப் பென்டிரைவின் நிரந்தரச் சேமிப்பகம் லக்ஸ் (LUKS) என்னும் வட்டு என்க்ரிப்ஷன் முறையில் பூட்டப்படுகிறது. கோப்புகளைப் பூட்டியிருப்பது ஒரு மாஸ்டர் சாவி. நீங்கள் தட்டும் பாஸ்ஃப்ரேஸ் அந்தச் சாவி வைத்திருக்கும் பெட்டியை மட்டுமே திறக்கிறது. மாற்றும்போது பெட்டியின் பூட்டுதான் மாறும், அதனால்தான் வேலை நொடிகளில் முடிகிறது.

இதில் ஒரு சிக்கல் உண்டு. பழைய பாஸ்ஃப்ரேஸ் தெரிந்த ஒருவர் டிரைவை முன்பே நகலெடுத்திருந்தால், அதிலிருந்து அதே மாஸ்டர் சாவியை எடுத்துவிடலாம். அந்தச் சந்தேகம் இருந்தால் சேமிப்பகத்தை அழித்துப் புதிதாக உருவாக்குங்கள்.

புதிய பாஸ்ஃப்ரேஸுக்குப் பிள்ளை பெயரும் பிறந்த வருடமும் வேண்டாமே! பகடை உருட்டி, பகடை எண்களுக்கு ஏற்பச் சொல் தரும், 7776 சொற்கள் உள்ள டைஸ்வேர் பட்டியலிலிருந்து 6 சொற்கள் எடுங்கள். ஏறக்குறைய 77 பிட் வலு கிடைக்கும், அதாவது ஊகிப்பவர் முன் 2-இன் 77ஆம் அடுக்கு அளவுக்குச் சாத்தியங்கள் இருக்கும். மறந்தால் மீட்க வழியே கிடையாது.