அக்வாபோரின், மாக் ஆன்டிபாடி டெஸ்டுக்குக் காரைக்குடியிலேயே ரத்தம் கொடுக்கலாமா?

தாராளமாகக் கொடுக்கலாம். உங்கள் மதினிக்கு ஒரு கண் திடீரென்று மங்கி, டாக்டர் இந்த இரண்டையும் எழுதியிருக்கிறார், மதுரைக்குப் போக வேண்டுமா, நெகட்டிவ் வந்தால் நிம்மதியா என்று கேட்டிருக்கிறீர்கள். காரைக்குடி லேப் ஒன்றில் ரத்தம் எடுப்பதுதான் என் பிழைப்பு. அக்வாபோரினும் மாக்கும் நரம்பு மண்டலத்தில் இருக்கும் புரதங்கள். உடலின் எதிர்ப்புச் சக்தியே அவற்றைத் தாக்கிக் கண் நரம்பு, தண்டுவடம், மூளையைப் பாதிக்கும் நோய்களைக் கண்டுபிடிக்கத்தான் இந்த டெஸ்ட். இதை நாங்கள் இங்கே செய்வதில்லை. ரத்தத்தை அரை மணி நேரம் உறைய விட்டு, மெஷினில் சுற்றி, மேலே வெளிர்மஞ்சளாகத் தெளியும் சீரத்தை மட்டும் பிரித்து, ஐஸ் பேக்கோடு பெரிய லேபுக்கு அனுப்புகிறோம். வெறும் வயிறு தேவையில்லை.

பணம் கட்டுமுன் ஒன்று கேளுங்கள்: செல் பேஸ்டு முறையா, எலைசாவா? செல் பேஸ்டு என்றால், அந்தப் புரதத்தைத் தன் மேல் தாங்கிய செல்லில் சீரத்தை விட்டு, ஆன்டிபாடி ஒட்டுகிறதா என்று பார்ப்பார்கள். அதுதான் நம்பகம். செல் இல்லாமல், தட்டில் பூசிய புரதத்தில் பார்க்கும் எலைசா சிலரைத் தவறவிடும், நோயே இல்லாதவருக்கும் பாசிட்டிவ் காட்டும். மாக் டெஸ்டுக்கு எலைசா என்றால் வேண்டாம் என்றே சொல்வேன்.

அடுத்தது நேரம். பிளாஸ்மா, அதாவது ரத்தத்தின் நீர்ப்பகுதியை, மாற்றும் சிகிச்சைக்குப் பிறகு எடுத்தால் ஆன்டிபாடி குறைந்து, இருப்பதும் இல்லாததுபோல் வரலாம். முடிந்தால் ஸ்டீராய்டு டிரிப்புக்கும் முன்பே எடுத்துவிடுங்கள். அதற்காக ரிப்போர்ட் வரட்டும் என்று டிரிப்பைத் தள்ளிப்போட வேண்டாம், நரம்பு காத்திருக்காது. ரத்தத்தை எடுத்துக் கொடுத்துவிட்டு அன்றைக்கே ஏற்றிக்கொள்ளலாம்.

முதுகில் ஊசி போட்டு நீர் எடுக்கவில்லையே என்று சிலர் சந்தேகப்படுகிறார்கள். இந்த இரண்டுக்கும் ரத்தமே மேல். என்எம்டிஏ என்ற வேறொரு ஆன்டிபாடியால் வரும் மூளை அழற்சிக்குத்தான் அந்த நீர் முக்கியம்.

தேவகோட்டைப் பக்கத்து ஆச்சி ஒருவர் நிற்காத விக்கலும் வாந்தியுமாக வயிற்று டாக்டர்களிடமே அலைந்தார். வீட்டில் சர்க்கரையை வாயில் அள்ளிப் போட்டுப் பார்த்தார்கள். கடைசியில் அவருக்கு அக்வாபோரின் பாசிட்டிவ். மூளைத்தண்டில் வாந்தியைத் தூண்டும் இடத்தை இந்த நோய் தாக்கினால் அப்படித்தான் வரும். உங்கள் மதினிக்கு முன்பு அப்படி ஏதும் வந்திருந்தால் டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

2004இல் மேயோ கிளினிக் குழு அக்வாபோரின் ஆன்டிபாடியைக் கண்டுபிடிக்கும் வரை, இந்த நோயை எம்எஸ் (மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ், மூளை, தண்டுவட நரம்புகளின் உறையைத் தாக்கும் நோய்) நோயின் ஒரு வகை என்றே பலர் நினைத்தார்கள். இரண்டையும் பிரிப்பது வெறும் பெயருக்காக இல்லை. இன்டர்ஃபெரான், ஃபிங்கோலிமோட் போன்ற எம்எஸ் மருந்துகள் அக்வாபோரின் நோயை மோசமாக்கலாம்.

சரி, நெகட்டிவ் வந்தால்? நோயே இல்லை என்று அர்த்தமில்லை. எம்ஆர்ஐ படமும் அறிகுறியும் சந்தேகத்தைக் காட்டினால் சில மாதம் கழித்து மறுபடி எழுதுவார்கள். மாக் மெலிதாகப் பாசிட்டிவ் வந்தாலும் அதை மட்டும் வைத்து முடிவு கட்டமாட்டார்கள். நன்றாகப் பாசிட்டிவ் வந்தது பின்னால் நெகட்டிவாக மாறுவதும் உண்டு. அதனால் முதல் ரிப்போர்ட்டை, ஆன்டிபாடி எவ்வளவு என்று காட்டும் டைட்டர் எண்ணோடு, ஃபைலில் வைத்திருங்கள். ஃபாரத்தில் என்ன மருந்து, எந்தத் தேதியில் ஏறியது என்று கேட்கும் கட்டத்தையும் காலியாக விடாதீர்கள்.