மிளகாய் வத்தலில் பூசணம், பழைய ஈயச் சொம்பு, பளபளக்கும் மஞ்சள்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி (தேவகோட்டை வாசகி): வருஷச் சாமான் வாங்கும்போது பத்து கிலோ மிளகாய் வத்தல் வாங்கினேன். வீட்டில் காம்பு கிள்ளும்போதுதான் பார்த்தேன், சில வத்தலுக்குள் சாம்பல் நிறத்தில் பூசணம். கடைக்காரரிடம் கேட்டால், "பூத்ததைப் பொறுக்கிப் போட்டுட்டு மிச்சத்தை ரெண்டு நாள் நல்ல வெயில்ல காயவைங்க ஆச்சி, எல்லாம் செத்துரும்" என்கிறார். அப்படிச் செய்து அரைக்கலாமா?

பதில்: அரைக்காதீர்கள் ஆச்சி, திருப்பிக் கொடுங்கள். வெயிலில் பூசணம் சாகும் என்று அவர் சொல்வதில் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் பூசணம் உள்ளே விட்டுப்போன நஞ்சை வெயில் ஒன்றும் செய்யாது. அந்த நஞ்சுக்கு அஃப்ளாடாக்சின் என்று பெயர். ஆஸ்பர்ஜில்லஸ் ஃபிளேவஸ் போன்ற சில பூசணங்கள் ஈரமும் வெப்பமும் சேர்ந்தால் இதை உண்டாக்கும். நம் சமையல் சூட்டுக்கு இது அழியாது. குழம்பு கொதித்தாலும் எண்ணெயில் தாளித்தாலும் பெரும்பகுதி அப்படியே இருக்கும். நிறமோ வாசனையோ காட்டிக் கொடுக்காது. பூசணம் கண்ணுக்குத் தெரியாத வத்தலிலும் இருக்கலாம், அதனால்தான் பொறுக்கிப் போட்டால் போதும் என்ற யோசனையை நான் ஏற்கவில்லை.

இது அறிவியல் உலகுக்குத் தெரிய வந்ததே ஒரு பெருஞ்சாவின் மூலம். 1960-ல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிக் குஞ்சுகள் காரணம் புரியாமல் செத்தன. தேடிப் போனால், பிரேசிலிலிருந்து வந்த கடலைப் பிண்ணாக்கில் போய் நின்றது. நம் நாட்டில் அதைவிடக் கொடுமை நடந்தது. 1974-ல் ராஜஸ்தான், குஜராத் எல்லையோரப் பழங்குடி கிராமங்களில், மழையில் நனைந்து பூசணம் பிடித்த மக்காச்சோளத்தைச் சாப்பிட்டவர்களுக்கு மஞ்சள் காமாலை கண்டது. 106 பேர் இறந்தார்கள். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் ஆய்வுதான் அதற்கு அஃப்ளாடாக்சின் காரணம் என்று காட்டியது. அது கல்லீரல் புற்றுநோய் உண்டாக்கும் என்பது இன்று சந்தேகத்துக்கு இடமில்லாத விஷயம். ஹெபடைடிஸ் பி உள்ளவர்களுக்கு அந்த ஆபத்து பல மடங்கு கூடும்.

பயப்பட வேண்டிய அளவையும் சொல்லிவிடுகிறேன். அந்தக் கிராமத்து மக்களுக்கு மக்காச்சோளம்தான் அன்றாடச் சாப்பாடு, நாளெல்லாம் அதையே தின்றார்கள். மிளகாய்த்தூள் ஒரு குழம்புக்கு இரண்டு கரண்டி. அதனால் இதுவரை சாப்பிட்டதை நினைத்துக் கலங்க வேண்டாம். ஆனால் ஒரு வருஷத்துக்கு வீடு முழுவதும், குழந்தைகள் உட்பட, தினமும் சேரப்போகும் பொருளில் தெரிந்தே நஞ்சை வைத்துக்கொள்ள வேண்டிய அவசியம் என்ன? மசாலாப் பொருள்களில் ஒரு கிலோவுக்கு 30 மைக்ரோகிராம் வரை நம் நாட்டு விதி அனுமதிக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் மிளகாய்க்கு 10 மட்டுமே. ஒரு மைக்ரோகிராம் என்பது ஒரு கிராமில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. இதைக் கண்ணால் பார்த்து யாராலும் சொல்ல முடியாது.

அடுத்த முறை வாங்கும்போது மூட்டையின் மேல்பகுதியை மட்டும் பார்த்துத் திருப்தி அடையாதீர்கள். நடுவிலிருந்தும் அடியிலிருந்தும் ஒரு கை அள்ளி, நாலைந்தை உடைத்துப் பாருங்கள். நன்றாகக் காய்ந்த வத்தலைக் குலுக்கினால் விதை கலகலவென்று சத்தம் போடும், வளைத்தால் ஒடியும். தோல்போல வளைந்து கொடுத்தால் ஈரம் இருக்கிறது. 11 சதவீதத்துக்கு மேல் ஈரம் இருக்கக் கூடாது என்பது விதி. எடை கூட வேண்டுமென்று தண்ணீர் தெளிக்கும் பழக்கம் சில இடங்களில் உண்டு. அதைத்தான் முதலில் சந்தேகப்படுங்கள். வீட்டில் காயப்போட்டால் வெறும் தரையில் போடாமல் பாயோ விரிப்போ போட்டுப் பரப்புங்கள். பனி இறங்குமுன் உள்ளே எடுத்துவிடுங்கள். மில்லில் அரைத்த தூளைச் சூடு ஆறாமல் டப்பாவில் அடைத்தால் மூடியில் ஆவி வேர்த்து, மறுபடி பூசணத்துக்கு இடம் கொடுத்ததாகிவிடும்.

நிலக்கடலை விஷயம் கொஞ்சம் வேறு. அதில் நஞ்சு பெரும்பாலும் சில பருப்புகளில் மட்டும் திரண்டு இருக்கும். சுருங்கியது, நிறம் மாறியது, சொத்தை எல்லாவற்றையும் பொறுக்கி எறிந்தால் கணிசமாகக் குறையும். செக்கில் ஆட்டக் கொடுப்பவர்கள் இதை அவசியம் செய்ய வேண்டும். ரீஃபைண்ட் எண்ணெயைச் சுத்திகரிக்கும்போது காரம் (அல்கலி என்ற ரசாயனம், மிளகாய்க் காரம் அல்ல) சேர்ப்பார்கள், அதில் இந்த நஞ்சு பெரும்பாலும் நீங்கிவிடுகிறது. மரச்செக்கு எண்ணெயில் அந்தப் படி கிடையாது. செக்கு எண்ணெயை நான் குறை சொல்லவில்லை, நல்ல கடலை போட்டால்தான் அது நல்ல எண்ணெய் என்கிறேன்.

கடைக்காரர் மாற்றித் தர மறுத்தால், பில்லையும் வத்தலை உடைத்து எடுத்த படத்தையும் வைத்துக்கொண்டு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யுங்கள். அதிலும் தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. வாங்கிய பொருளின் விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் புகாருக்குக் கட்டணம் இல்லை. வக்கீலும் வேண்டியதில்லை.

கேள்வி (சென்னையில் வசிக்கும் காரைக்குடிக்காரர்): காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழைய சாமான் கடைகளைப் பார்த்துக்கொண்டே போனபோது ஓர் ஈயச் சொம்பு கிடைத்தது. எங்கள் அப்பத்தா அதே மாதிரி சொம்பில்தான் ரசம் வைப்பார்கள். வாங்கி வந்துவிட்டேன். மனைவி, "இது காரீயமா இருந்தா என்ன பண்றது?" என்கிறார். எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: உங்கள் வீட்டம்மா கேட்டது சரியான கேள்வி. ரசச் சொம்பு வெள்ளீயத்தில் (டின்) செய்வது. அதில் ரசம் வைப்பதில் குற்றமில்லை. வெள்ளீயம் 232 டிகிரி செல்சியஸில் உருகும். ரசம் இருக்கும்வரை சூடு 100 டிகிரியை ஒட்டியே நிற்கும், அதனால் சொம்பு தாங்குகிறது. வெறும் சொம்பை அடுப்பில் வைத்தால்தான் அடி உருகிவிடும்.

காரீயம் (லெட் என்ற நச்சு உலோகம்) கலந்திருந்தால் கதை வேறு. புளிக்கும் தக்காளிக்கும் உள்ள அமிலம் அதைக் கரைத்து ரசத்தில் இறக்கும். இவ்வளவு வரை இருந்தால் கெடுதல் இல்லை என்று சொல்லக்கூடிய காரீய அளவே ரத்தத்தில் கிடையாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. குழந்தைகளின் மூளை வளர்ச்சியைத்தான் அது முதலில் தாக்குகிறது. பாத்திரத்திலிருந்து காரீயம் இறங்குவது இன்றும் நடக்கிறது. 2025-ல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் இறக்குமதியான சில இண்டாலியம், பித்தளைப் பாத்திரங்களைப் பற்றி இதே எச்சரிக்கையை வெளியிட்டது.

வீட்டில் செய்யக்கூடிய ஒரு சோதனை இருக்கிறது. காரீயம் வெள்ளீயத்தைவிட ஒன்றரை மடங்கு கனமானது. சொம்பைச் சமையலறைத் தராசில் நிறுத்துக்கொள்ளுங்கள். பிறகு ஒரு பாத்திரத்தில் விளிம்பு வரை தண்ணீர் நிரப்பி, சொம்புக்குள்ளும் தண்ணீர் புகுந்து காற்றுக் குமிழி இல்லாமல் முழுகும்படி இறக்குங்கள். வழிந்த தண்ணீரைப் பிடித்து நிறுத்துப் பாருங்கள். சொம்பு 730 கிராம் என்றால், சுத்த வெள்ளீயத்துக்கு வழிய வேண்டியது சுமார் 100 கிராம் தண்ணீர். முழுக்கக் காரீயமானால் 64 கிராம்தான் வழியும். இரண்டுக்கும் நடுவில் வந்தால் கலப்படம். அப்படி வந்தால் சொம்பைக் கண்ணாடி அலமாரியில் வையுங்கள், அடுப்புப் பக்கம் வேண்டாம்.

100 கிராம் வந்தாலும் முழு நிம்மதி கிடைக்காது என்பதையும் சொல்ல வேண்டும். நூற்றுக்கு நாலைந்து பங்கு காரீயம் கலந்திருந்தால் வீட்டுத் தராசில் அது தெரியாது, ரசத்துக்கோ அதுவே அதிகம். பழைய சொம்பில் ஓட்டை அடைத்த பற்று இருந்தால் அந்தப் பற்றிலேயே காரீயம் இருக்க வாய்ப்பு உண்டு. பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசக் கொடுக்கும்போதும் இதே கவனம் தேவை. என் அபிப்பிராயம் இது: பழைய சொம்பை அழகுக்கு வாங்குங்கள். ரசத்துக்குப் புதுச் சொம்பு வாங்கி, பில்லில் "சுத்த வெள்ளீயம், காரீயம் இல்லை" என்று எழுதி வாங்குங்கள். எழுதித் தரத் தயங்கும் கடையில் வாங்க வேண்டாம். சின்னக் குழந்தைகளும் கர்ப்பிணியும் உள்ள வீட்டில், பரிசோதனைச் சீட்டு இல்லாத எந்தப் பழைய சொம்பிலும் சமைக்காதீர்கள்.

கேள்வி (பள்ளத்தூர் வாசகி): வீட்டிலேயே கறி மசாலா அரைத்து விற்கிறேன். உடைந்த அன்னாசிப்பூ பாதி விலைக்கு வருகிறது. வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். அன்னாசிப்பூவுக்கு ஜப்பானில் ஒரு நச்சு உறவு இருக்கிறது. பார்க்க ஏறத்தாழ இதே மாதிரிதான் இருக்கும், அதிலுள்ள அனிசாட்டின் என்ற நஞ்சு வாந்தியும் வலிப்பும் உண்டாக்கும். 2001-ல் நெதர்லாந்தில் அன்னாசிப்பூத் தேநீர் குடித்தவர்களுக்கு அப்படி நடந்திருக்கிறது. முழுப் பூவிலேயே பிரித்தறிவது கஷ்டம், உடைந்ததில் வழியே இல்லை. முழுசாக, பெரிதாக, சோம்பு வாசனை தூக்கலாக உள்ளதைத் தெரிந்த வியாபாரியிடம் பில்லோடு வாங்குங்கள். பட்டையிலும் கெட்டியான முரட்டுப் பட்டையில், அளவு கூடினால் கல்லீரலைப் பாதிக்கும் கூமரின் என்ற பொருள் அதிகம், இலங்கைச் சுருள் பட்டையில் மிகக் குறைவு. குழம்பு மசாலாவின் அளவுக்கு அது பெரிய விஷயமில்லை. தினமும் பட்டைத்தூளைக் கரைத்துக் குடிப்பவர்கள்தான் யோசிக்க வேண்டும்.

அப்புறம், விற்பனை செய்கிறீர்கள் என்றால் வீட்டுத் தொழிலானாலும் உணவுப் பாதுகாப்புப் பதிவு வேண்டும். அந்த 14 இலக்க எண்ணைப் பாக்கெட்டில் அச்சடியுங்கள்.

கேள்வி (புதுவயல் வாசகர்): மகள் கல்யாணத்துக்குப் பலகாரம் ஆர்டர் கொடுக்கிறோம். எண்ணெய் நல்லதா என்று எப்படிக் கேட்பது?

பதில்: நேராகவே கேளுங்கள், அதில் கூச்சம் வேண்டாம். திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெயில், அது சிதைவதால் உண்டாகும் போலார் கூட்டுப்பொருள்கள் சேரும். அது 25 சதவீதத்தைத் தாண்டினால் அந்த எண்ணெயைப் பயன்படுத்தக் கூடாது என்று 2018 ஜூலை 1 முதல் விதி இருக்கிறது. எண்ணெயில் முக்கி அளக்கும் சிறு கருவியும் உண்டு. பெரிய அளவில் செய்பவர் அதை வைத்திருந்தால் நல்ல அடையாளம். இல்லையென்றால், புது எண்ணெய்ச் செலவை நீங்களே ஏற்பதாகப் பேசி டின்னை வாங்கிக் கொடுத்துவிடுங்கள். தேன்குழலும் சீப்புச் சீடையும் பொன்னிறத்தில் இருக்கட்டும். கருஞ்சிவப்பாகப் பொரித்தால், புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்று கருதப்படும் அக்ரிலமைடு கூடும். 2002-ல் ஸ்வீடன் விஞ்ஞானிகள் உணவில் கண்டுபிடித்துச் சொன்ன பொருள் அது. சிக்கு வாடை வந்தால் வாங்காமல் திருப்பி அனுப்புங்கள்.

கேள்வி (கானாடுகாத்தான் வாசகர்): மஞ்சள்தூளைத் தண்ணீரில் போட்டுக் கலப்படம் கண்டுபிடிக்கும் வீடியோக்களை நம்பலாமா? காரைக்குடியில் சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம்) இருக்கிறதே, அங்கே கொடுத்துப் பார்க்க முடியாதா?

பதில்: அந்த மாதிரிச் சோதனைகள் மாவு, செயற்கைச் சாயம் போன்ற மலிவான ஏமாற்றைச் சில நேரம் பிடிக்கும். உண்மையான ஆபத்தைப் பிடிக்காது. மஞ்சளுக்கு அந்த ஆபத்து லெட் குரோமேட், காரீயமும் குரோமியமும் சேர்ந்த மஞ்சள் சாயம். விரலி மஞ்சளைப் பளபளப்பாக்க இதைப் பூசுகிறார்கள். வங்கதேசத்தில் கர்ப்பிணிகளின் ரத்தத்தில் காரீயம் ஏறியது ஏன் என்று ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்களும் அந்நாட்டு ஆய்வாளர்களும் தேடினார்கள். கடைசியில் மஞ்சளில்தான் காரணம் கிடைத்தது. 2019-ல் அங்குள்ள சந்தை மாதிரிகளில் 47 சதவீதத்தில் காரீயம் இருந்தது. அரசு சோதனை நடத்தி, அபராதம் போட்டு, செய்தித்தாளில் எச்சரித்தது. 2021-ல் அது பூஜ்ஜியத்துக்கு இறங்கியது. இரண்டே வருஷத்தில் ஒரு நாடு இதைச் செய்து காட்டியிருக்கிறது என்பது எனக்குப் பெரிய நம்பிக்கை தரும் செய்தி. நம் நாட்டில் காரீயத்துக்கு வரம்பு பத்து லட்சத்தில் 10 பங்கு. 2024-ல் வெளியான தெற்காசிய ஆய்வு ஒன்றில், பாட்னாவில் வாங்கிய மஞ்சளில் 1,000 பங்குக்கும் மேல் இருந்தது. ஆகவே மினுமினுப்பான மஞ்சளைத் தேடாதீர்கள். மங்கலான, மெருகேற்றாத விரலியை வாங்கி அரையுங்கள்.

சிக்ரி நம் ஊருக்குப் பெருமை. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுத்து வந்த நிறுவனம். காரீயத்தை மிக நுண்ணிய அளவில் அளப்பதற்கு மின்வேதியியல் முறைகள் உண்டு என்பதும் சரி. ஆனால் அது ஆராய்ச்சிக் கூடம். கடைக்காரர் மீது நடவடிக்கைக்குச் செல்லுபடியாகும் அறிக்கை வேண்டுமென்றால் அரசு உணவுப் பகுப்பாய்வுக் கூடத்துக்குத்தான் போக வேண்டும். நமக்குப் பக்கத்தில் மதுரையிலும் தஞ்சாவூரிலும் இருக்கின்றன. நீங்கள் மாதிரி அனுப்பாமல் புகார் மட்டும் கொடுக்க நினைத்தால், தமிழ்நாடு உணவுப் பாதுகாப்புத் துறையின் வாட்ஸ்அப் எண் 94440 42322.

சொந்தமாகவே சோதிக்க உங்களுக்கு உரிமை இருப்பது பலருக்குத் தெரியாது. 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 40-வது பிரிவு அதைத் தருகிறது. கட்டணம் கட்டி, வாங்கிய பொருளை உணவுப் பகுப்பாய்வாளரிடம் கொடுத்து அறிக்கை பெறலாம். ஒரே நிபந்தனை, வாங்கும்போதே கடைக்காரரிடம் "இதைச் சோதனைக்குக் கொடுக்கப்போகிறேன்" என்று சொல்லிவிட வேண்டும். பில்லில் அதை எழுதி, அவர் கையெழுத்தோடு வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. பொருள் சட்டத்துக்கு உட்படவில்லை என்று அறிக்கை வந்தால், அது துறை அதிகாரிக்கும் நடவடிக்கைக்குப் போகும். நீங்கள் கட்டிய கட்டணத்தையும் திரும்பப் பெற்றுக்கொள்ளலாம்.