மகளின் ஓட்டையும் சேர்த்துக் கிழித்தீர்கள்

கேள்வி: 18 வருடங்களாக வெம்பிளியில் இருக்கிறோம். கல்லூரியில் படிக்கும் என் 20 வயது மகள், ஸேடி ஸ்மித் என்ற நாவலாசிரியையின் கட்டுரைகளே கதி என்று கிடக்கிறாள். சாப்பிடும்போதும் பிரெக்ஸிட், கவுன்சில், மூடிய நூலகம் என்றே பேச்சு. தானும் அப்படி எழுதப் போகிறாளாம். என் மனைவியும் அவள் பக்கம். நமக்கெதற்கு இந்த ஊர் அரசியல்? வாக்காளர் படிவம் வந்தால்கூட நான் கிழித்துப் போட்டுவிடுவேன். நம்முடையது இந்தியப் பாஸ்போர்ட்தானே. இவளை எப்படித் திருத்துவது?
- ஒரு தந்தை, லண்டன்

பதில்: மகளை அப்புறம் பார்ப்போம். அந்தப் படிவத்தை எந்த உரிமையில் கிழித்தீர்கள்?

இந்தியா காமன்வெல்த் நாடு. அதனால் முறையான விசாவில் பிரிட்டனில் வசிக்கும் இந்தியர்கள் கவுன்சில் என்ற உள்ளாட்சித் தேர்தலிலும் நாடாளுமன்றத் தேர்தலிலும் ஓட்டுப் போடலாம். ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு பிரிட்டன் விலகுவதா என்று கேட்ட 2016 பிரெக்ஸிட் வாக்கெடுப்பிலும் போட்டிருக்கலாம். அந்த ஒன்றியத்திலிருந்து வந்து அங்கேயே உழைத்த போலந்துக்காரருக்கு அன்று அந்த உரிமை இல்லை, உங்களுக்கு இருந்தது. இத்தனை வருடத்தில் யாரிடமாவது விசாரித்தீர்களா?

அந்தப் படிவத்துக்குப் பதில் அனுப்புவது சட்டப்படி கட்டாயம். வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று தெரிந்தால்தான் கவுன்சில் ஒவ்வொருவரையும் பதிவு செய்யச் சொல்லிக் கடிதம் போடும். 18 வயதில் மகளுக்கு வந்திருக்க வேண்டிய கடிதத்தையும் சேர்த்துத்தான் கிழித்திருக்கிறீர்கள். பெற்ற பிள்ளைக்கு வரவேண்டியதை மறித்துவிட்டு, அவளைத் திருத்த என்னிடம் வழி கேட்கிறீர்கள்! ஃபீஸ் கட்டுவதோடு அப்பாவின் கடமை முடிந்துவிடுமா? பிழைக்க வந்த ஊரில் அவள் தலைநிமிர்ந்து பேச வழி செய்வதும் உங்கள் கடமைதான்.

அவள் படிப்பதும் தூரத்துச் சமாசாரம் இல்லை. ஸேடி ஸ்மித் உங்கள் பிரென்ட் கவுன்சிலைச் சேர்ந்த வில்ஸ்டனில் வளர்ந்தவர். அங்குள்ள நூலகக் கட்டடத்தை இடித்து ஃபிளாட் கட்டும் திட்டத்தை எதிர்த்து 2012இல் எழுதினார். நகைச்சுவையோடு தொடங்கும் கட்டுரைதான். ஆனால் காசு கொடுக்காமல் ஒரு மனிதர் உட்கார்ந்திருக்க ஊரில் ஓர் இடம் வேண்டாமா என்ற கோபம் அதில் இருக்கிறது. அதற்கு முந்தைய வருடம்தான் பிரென்ட் கவுன்சில் செலவைக் குறைக்க 12 நூலகங்களில் 6 நூலகங்களை மூடியது. பார்ஹம் பார்க், பிரெஸ்டன், டோக்கிங்டன் மூன்றும் வெம்பிளிப் பக்கம். பள்ளி விட்டதும் பிள்ளைகள் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுத இருந்த இடங்கள். உங்கள் மகளுக்கு அப்போது ஐந்தாறு வயது இருக்கும். முடிவெடுத்தவர்கள் கவுன்சிலர்கள்; அவர்களிடம் கேள்வி கேட்கும் வாக்காளர் பட்டியலில் உங்கள் பெயர் இல்லை.

எழுத்து சோறு போடுமா என்ற பயம் இருந்தால் அதை அவளிடம் நேராகப் பேசுங்கள். திருத்தும்படி அவள் எந்தத் தப்பும் செய்யவில்லை.

இந்த வாரமே அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து இணையத்தில் பதிவு செய்யுங்கள். நேஷனல் இன்சூரன்ஸ் எண் (பிரிட்டனில் வேலை, வரிக் கணக்குக்காகத் தரும் எண்) கையில் இருந்தால் சில நிமிட வேலை. வாக்குச்சாவடியில் அடையாளத்துக்கு இந்தியப் பாஸ்போர்ட்டே செல்லும். உங்கள் மனைவியும் இத்தனை வருடமாக உங்களால்தான் ஓட்டில்லாமல் இருந்திருப்பார். முதலில் அவர் பெயரைப் பதியுங்கள்.