மாரடைப்புக்குப் பிறகு துடிப்பு தடுமாறினால்: இதயநோய் மருத்துவர் பதில்கள்

மாரடைப்பு வந்து பிழைத்தவர்களுக்கும் அவர்கள் வீட்டாருக்கும் நெஞ்சுவலியைவிடப் படபடப்புதான் அதிக பயம் தருகிறது. இந்த முறை அதைப் பற்றிய கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

எனக்கு 58 வயது. நான்கு மாதங்களுக்கு முன் மாரடைப்பு, ஸ்டென்ட் வைத்தார்கள். இரவில் படுத்தால் ஒரு துடிப்பு விட்டுப்போய் அடுத்தது 'தடக்'கென்று அடிக்கிறது. ஹோல்டரில் (ஒரு நாள் முழுக்க எடுக்கும் இ.சி.ஜி.) கூடுதல் துடிப்புகள் நிறைய இருந்தும் டாக்டர் அதை நிறுத்த மாத்திரை தரவில்லை. அலட்சியமா?

இல்லை, யோசித்துதான் தராமல் இருக்கிறார். மாரடைப்பில் செத்துப்போன தசை தழும்பாகிறது. தழும்பின் ஓரத்திலிருந்து அவ்வப்போது ஒரு துடிப்பு முன்கூட்டியே கிளம்பிவிடும். அதற்குப் பின் ஒரு சின்ன இடைவெளி. அந்த இடைவெளியில் இதயம் வழக்கத்தைவிட அதிகமாக ரத்தம் நிரம்பி அடிப்பதுதான் உங்கள் 'தடக்'.

இந்தத் துடிப்புகளை அடக்கிவிட்டால் திடீர் மரணமும் குறையும் என்று ஒரு காலத்தில் நாங்கள் எல்லோரும் நம்பினோம். அதைச் சோதித்துப் பார்த்தது அமெரிக்காவின் 'காஸ்ட்' ஆய்வு. ஃப்ளெகெய்னைடு, என்கெய்னைடு என்ற இரண்டு மருந்துகளும் துடிப்புகளை அழகாக அடக்கின. ஆனால் சராசரியாக 10 மாதங்களில் மருந்து சாப்பிட்ட 755 பேரில் 63 பேர் இறந்திருந்தார்கள். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக மருந்தே இல்லாத மாத்திரை சாப்பிட்ட 743 பேரில் இறந்தவர்கள் 26 பேர்தான். 1989இல் அந்த மருந்துகளை அவசரமாக நிறுத்தினார்கள். இ.சி.ஜி. பார்க்கச் சுத்தமாக இருந்தது, ஆள்தான் போய்விட்டார். இதயநோய் மருத்துவத்தில் இதைவிடக் கசப்பான பாடம் எனக்குத் தெரிந்து குறைவு.

ஆகவே நாங்கள் துடிப்புகளின் எண்ணிக்கையைவிட எக்கோ (இதய ஸ்கேன்) ரிப்போர்ட்டைத்தான் முதலில் தேடுவோம். 'பம்பிங்' என்று எல்லோரும் சொல்கிறீர்களே, இதயத்தில் நிரம்பும் ரத்தத்தில் ஒவ்வொரு துடிப்பிலும் எவ்வளவு வெளியே தள்ளப்படுகிறது என்ற அந்தச் சதவீதம். அது 50க்கு மேல் இருந்து, மயக்கமும் இல்லை என்றால் பெரும்பாலும் கவலை வேண்டாம். தொந்தரவு அதிகமென்றால் துடிப்பைத் தணிக்கும் மெட்டோப்ரோலால் போன்ற பீட்டா பிளாக்கர் மருந்து போதும். படபடப்போடு கண் இருட்டி விழுந்தால் கதை வேறு, அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.

அப்பாவுக்குப் பம்பிங் 28 சதவீதம்தான். நெஞ்சில் ஐ.சி.டி. கருவி (ஆபத்தான துடிப்பு வந்தால் தானே ஷாக் கொடுப்பது) வைக்க வேண்டியிருக்கலாம் என்கிறார்கள், ஆனால் "இப்போது வேண்டாம், ஆறு வாரம் கழித்துப் பார்ப்போம்" என்கிறார்கள். அதற்குள் ஏதாவது ஆகிவிட்டால்?

உங்கள் பதற்றம் நியாயமானது. 30 சதவீதமோ அதற்குக் கீழோ பம்பிங் உள்ளவர்களுக்கு, மாரடைப்பு வந்து ஒரு மாதமாவது கடந்த பிறகு இந்தக் கருவியை வைத்தால் மரணம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைகிறது என்று 2002இல் வந்த 'மேடிட்-2' ஆய்வு காட்டியது. சரி, அப்படியானால் உடனே வைத்துவிடலாமே என்று 6 முதல் 40 நாட்களுக்குள் வைத்துப் பார்த்தார்கள். 2004இல் வந்த முடிவில் மொத்த மரணம் குறையவே இல்லை. துடிப்புக் கோளாறால் இறந்தவர்கள் குறைந்தார்கள், வேறு காரணங்களால் இறந்தவர்கள் கூடினார்கள்.

இன்னொரு காரணமும் உண்டு. அடைப்பை நீக்கிய பிறகும் பல நாட்கள் தசையின் ஒரு பகுதி உயிரோடு இருந்தும் வேலை செய்யாமல் கிடக்கும். மருந்துகளைச் சரியாகச் சாப்பிட்டால் 28 என்பது 40க்கு ஏறுவதை அடிக்கடி பார்க்கிறோம். அப்படி ஏறினால் சில லட்ச ரூபாய் கருவியே தேவைப்படாமல் போகலாம். வழக்கமாக மாரடைப்புக்குப் பின் குறைந்தது 40 நாட்கள், ஸ்டென்டோ பைபாஸோ செய்திருந்தால் மூன்று மாதம் கழித்து எக்கோவைத் திரும்ப எடுப்பார்கள். இடையில் மயக்கமோ ஆபத்தான வேகத் துடிப்போ வந்தால் காத்திருக்கத் தேவையில்லை, உடனே சொல்லுங்கள்.

மாரடைப்பு வந்த அன்றே ஐ.சி.யூ.வில் என் கணவருக்கு இதயம் நின்று, ஷாக் கொடுத்துப் பிழைக்க வைத்தார்கள். மறுபடி வருமா?

முதல் 48 மணி நேரத்துக்குள் வந்ததா, அதற்குப் பிறகா என்பதுதான் முக்கியம். ரத்தம் கிடைக்காமல் தசை தவிக்கும்போது வரும் மின்கோளாறு, அடைப்பு நீங்கியதும் பெரும்பாலும் தணிந்துவிடும். இவருக்கு அன்றே வந்ததால், பம்பிங்கும் நன்றாக இருந்தால், அதை வைத்து மட்டும் பயப்பட வேண்டாம். நாட்கள் கழித்து, புதிய அடைப்பு எதுவும் இல்லாமல் வந்தால் அது தழும்பு செய்கிற வேலை. அவர்களுக்குத்தான் கருவி.

கீழ்ப்பகுதி மாரடைப்பு. துடிப்பு 38க்கு இறங்கித் தற்காலிக பேஸ்மேக்கர் வைத்து மூன்றாம் நாள் எடுத்துவிட்டார்கள். நிரந்தரமாக வைக்க வேண்டாமா?

வேண்டாம். கீழ்ப்பகுதி மாரடைப்பில் இது சகஜம், பெரும்பாலும் தானே சரியாகிவிடும். முன்பகுதி மாரடைப்பில் இப்படி நடந்திருந்தால் நானும் கவலைப்பட்டிருப்பேன்.

மாரடைப்போடு ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனும் (இதயத்தின் மேலறைகள் ஒழுங்கில்லாமல் துடிப்பது) இருக்கிறதாம். ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், அபிக்ஸபான் மூன்றும் எழுதியிருக்கிறார்கள். ஈறில் ரத்தம் வருகிறது, ஒன்றை நிறுத்தலாமா?

நீங்களாக நிறுத்தக் கூடாது. அபிக்ஸபான் பக்கவாதத்தைத் தடுக்க, மற்ற இரண்டும் ஸ்டென்ட் அடைக்காமல் இருக்க. மூன்றும் சேர்ந்து ஓடுவது பொதுவாகச் சில நாட்கள் முதல் ஒரு மாதம் வரைதான், அப்புறம் முதலில் கழற்றப்படுவது ஆஸ்பிரின். அந்தத் தேதியை டாக்டரிடம் கேட்டுச் சீட்டிலேயே எழுதி வாங்குங்கள். பழைய சீட்டைக் காட்டி மாதக்கணக்கில் மூன்றையும் வாங்கிச் சாப்பிட்டு, மலம் கறுப்பாகப் போன பிறகு வருகிறவர்கள் உண்டு. கறுப்பு மலம் என்றால் அன்றே வர வேண்டும்.

கையில் கட்டும் ஸ்மார்ட் வாட்ச் மாரடைப்பைக் காட்டிக்கொடுக்குமா?

காட்டாது. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனைப் பிடிக்க உதவும், அவ்வளவுதான். நெஞ்சு வலிக்கும்போது வாட்ச் 'நார்மல்' என்று சொன்னால் அதை நம்பி வீட்டில் உட்காராதீர்கள்.

வீட்டில் நானும் அம்மாவும்தான். அவர் திடீரென்று சரிந்து விழுந்தால் நான் என்ன செய்வது?

தோளைத் தட்டிக் கூப்பிடுங்கள். அசைவில்லை, மூச்சு இல்லை அல்லது மீன் போல வாயைத் திறந்து திறந்து மூடுகிறார் என்றால் இதயம் நின்றுவிட்டது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். அந்த வாயசைவை மூச்சு என்று நினைத்துக் காத்திருப்பதில்தான் பலர் நேரத்தை இழக்கிறார்கள். ஒன்றும் செய்யாமல் கழியும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் குறைகிறது. போனை ஸ்பீக்கரில் போட்டு 108ஐ அழையுங்கள். அம்மாவைக் கட்டிலில் விடாமல் தரையில் மல்லாக்கப் படுக்க வையுங்கள். நெஞ்செலும்பின் கீழ்ப்பாதியில் ஒரு உள்ளங்கை மேல் இன்னொன்றை வைத்து, முழங்கையை மடக்காமல், 5 செ.மீ. ஆழத்துக்கு நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்துங்கள். ஒவ்வொரு முறையும் நெஞ்சு முழுதாக மேலே வர விடுங்கள். வாயில் தண்ணீர் ஊற்ற வேண்டாம். விலா எலும்பு முறிகிற சத்தம் கேட்கலாம், கேட்டாலும் நிறுத்தாதீர்கள். கதவை மட்டும் முன்கூட்டியே திறந்து வைத்துவிடுங்கள், ஆம்புலன்ஸ்காரர்கள் வந்து தட்டும்போது எழுந்து போகாமல் இருக்கலாம்.