ஸ்மார்ட் சிட்டி திட்டங்களுக்கு யார் பணம் போடுகிறார்கள்? கட்டி முடித்த பிறகு அவை எந்த வருமானத்தில் ஓடுகின்றன?

முதல் கேள்விக்குப் பதில் எளிது. இந்தியாவில் 2015 ஜூனில் தொடங்கி 2025 மார்ச்சில் முடிந்த ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் 100 நகரங்கள். நகரம் ஒன்றுக்கு மத்திய அரசு 500 கோடி ரூபாய் வரை தந்தது; அதே அளவை மாநிலமும் உள்ளாட்சியும் சேர்ந்து போட வேண்டியிருந்தது. இதற்கென்று ஒவ்வொரு ஊரிலும் கம்பெனிச் சட்டத்தின்கீழ் தனி நிறுவனம் வைத்தார்கள். அதில் மாநில அரசுக்கும் மாநகராட்சிக்கும் சம பங்கு.

இரண்டாவது கேள்விதான் என்னைத் தூங்கவிடாத கேள்வி. நான் பல வருஷம் ஒரு மாநகராட்சியின் கணக்குப் பிரிவில் இருந்தவன். மானியப் பணத்தில் டிஜிட்டல் பலகைகள் வாங்கினோம். ஒப்பந்தக்காரரின் பராமரிப்புக் காலம் முடிந்ததும் கரண்ட் பில், இணையக் கட்டணம், ரிப்பேர் எல்லாம் பொதுநிதியின் தலையில் விழுந்தன. துப்புரவுப் பணியாளர் சம்பளமும் அதே நிதியில்தான். சம்பளத்தைக் கொடுத்தோம், பலகைகள் ஒவ்வொன்றாக அணைந்தன. இன்றைக்குக் கேட்டாலும் சம்பளத்தைத்தான் முதலில் கொடுப்பேன்.

தெருவிளக்கில் இந்தச் சிக்கல் குறைவு. எல்.இ.டி.க்கு மாறினால் மின்செலவு இறங்கும். அந்த மிச்சத்திலேயே முதல் போட்டவருக்குத் தவணை கட்டிவிடலாம்.

தண்ணீர், சாக்கடை அப்படியில்லை. அங்கே எனக்குப் பிடித்த உதாரணம் ஆலந்தூர். ஸ்மார்ட் சிட்டி என்ற பேச்சே இல்லாத 1990களின் கடைசியில், சென்னையை ஒட்டி இருந்த அந்த நகராட்சி பாதாளச் சாக்கடை போடக் கிளம்பியது. தலைவராக இருந்த ஆர்.எஸ்.பாரதி குடியிருப்போர் சங்கங்களோடு உட்கார்ந்து பேசினார். ஒரு வீட்டுக்கு 5,000 ரூபாய் டெபாசிட். குழாய் பதிக்கும் முன்பே மக்கள் கட்டினார்கள். மீதிக்குத் தமிழ்நாடு நகர்ப்புற வளர்ச்சி நிதியத்தின் கடன், மானியம். சுத்திகரிப்பு நிலையத்தைத் தனியார் தங்கள் செலவில் கட்டினார்கள். சுத்திகரித்த அளவுக்கு நகராட்சி பணம் தந்தது. அந்தப் பணத்துக்கு வீடுகளின் மாதக் கட்டணம் இருந்தது. யார் கொடுப்பார், எதற்குக் கொடுப்பார் என்பது பள்ளம் தோண்டும் முன்பே முடிவாகியிருந்தது.

திருப்பூர் வேறு பாதையில் போனது. 2005 வாக்கில் வந்த குடிநீர்த் திட்டத்தில், சாயப்பட்டறைகளுக்குக் கூடுதல் விலையில் தண்ணீர் விற்று, வீடுகளுக்கும் கிராமங்களுக்கும் குறைந்த விலையில் கொடுப்பது கணக்கு. நல்ல கணக்குதான். ஆனால் சாயக்கழிவு நொய்யல் ஆற்றில் கலப்பதைத் தடுக்க வந்த நீதிமன்ற உத்தரவுகளுக்குப் பின் பட்டறைகள் கழிவுநீரைச் சுத்திகரித்துத் திரும்பப் பயன்படுத்த வேண்டிவந்தது. வாங்கும் தண்ணீர் குறைந்தது, திட்ட நிறுவனம் கடனில் திணறியது. ஆற்றுக்கு நல்லது நடந்தபோது திட்டத்துக்கு அடி விழுந்தது. வருமானம் ஒரே வகை வாடிக்கையாளரை நம்பியிருந்தால் இந்த ஆபத்து எப்போதும் உண்டு.

உங்கள் ஊரில் புதுத் திட்டம் வந்தால், திட்ட அறிக்கையில் இயக்கம், பராமரிப்பு பற்றிய பக்கத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். ஒப்பந்தக்காரரின் பராமரிப்புக் காலம் முடிந்த அடுத்த வருஷத்துச் செலவுக்கு நேரே யார் பெயர் இருக்கிறது என்று தேடுங்கள். அந்த இடம் காலியாக இருந்தால், வேலை தொடங்கும் முன்பே உங்கள் வார்டு கவுன்சிலரிடம் கேளுங்கள்.